கோல் போஸ்ட் இல்லாத ஞாயிறு

பிலாய்
20 மார்ச் 1995

அன்புள்ள அக்காவுக்கு,

அசோகன் எழுதுவது. இங்கே நான், விஜி, குழந்தை ரக்ஷிதா மூவரும் சுகம். உன் முழங்கால் வலி தேவலையா? ஆபீஸ் லிஃப்டைச் சரி செய்தார்களா, இல்லை இன்னும் மூன்று மாடி ஏறுகிறாயா?

எத்திராஜிடமிருந்து கடிதம் வந்தது. நம் ஜோகுபாளையம் லாயத்து மைதானத்தில் ஸ்டேடியம் கட்டப் போகிறார்களாம். இருபதாயிரம் பேர் உட்காரலாம், ராத்திரி ஆட விளக்கு, எல்லாம் அரசாங்கச் செலவு. ஒரு டயர் கம்பெனி தொழில்முறை டீம் ஆரம்பிக்கிறதாம், அவர்கள் ஆடுவதற்கு. நம் யங் ஸ்டார்ஸ் கால்பந்துச் சங்கப் பையன்கள் டிக்கெட் வாங்கிக்கொண்டு உள்ளே போகலாமாம். எத்திராஜ் இதைத் தமாஷாகத்தான் எழுதியிருக்கிறான். ஆனால் அவனுக்குத் தூக்கம் இல்லை என்று தெரிகிறது. அடுகோடி பட்டறையில் மரவேலை முடித்துவிட்டு வந்து, பதினாறு வருஷமாக அந்தச் சங்கத்துக்குச் செயலாளராக இருக்கிறான். அங்கே நிற்கிற கோல் போஸ்ட் அவன் கையால் இழைத்தது. எனக்கு ஸ்போர்ட்ஸ் கோட்டாவில் இந்த வேலை கிடைத்ததும் அந்த மண்ணில் ஆடித்தான் என்று உனக்குத் தெரியும்.

கோப்பு உன் பிரிவுக்குத்தான் வரும் என்று விசாரித்து வைத்திருக்கிறான். "உஷாக்கா இருக்கும்போது நமக்கு இன்னா பயம்" என்று எழுதியிருக்கிறான். கொஞ்சம் பார், அக்கா.

விஜி உனக்கு வணக்கம் சொல்லச் சொன்னாள்.

தம்பி,
அசோகன்


பெங்களூர்
4 ஏப்ரல் 1995

அன்புள்ள அசோகா,

நலம். உன் கடிதம் கிடைத்தது. லிஃப்ட் சரியாகிவிட்டது, முழங்கால்தான் சரியாகவில்லை. ரக்ஷிதாவுக்கு அம்மை ஊசி போட்டாகிவிட்டதா?

கோப்பு வந்திருப்பது உண்மை. ஸ்டேடியத்தின் ஆயுள் நாற்பது வருடம் என்று போட்டிருக்கிறார்கள். இந்த நாற்பது எப்படி வந்தது என்று கேட்டேன். மதராஸில் ஒரு கட்டடத்துக்கு அப்படிப் போட்டார்கள், அதைப் பார்த்து எழுதினோம் என்றார்கள். கான்கிரீட் நாற்பது வருடம் நிற்கலாம். டீம் நிற்குமா என்று யாரும் எழுதவில்லை. ஒரு டீம் வேறு ஊருக்குப் போக வேண்டுமென்றால் ஒரு லாரி போதும்.

மைதானம் இப்போது எவ்வளவு பயன்படுகிறது என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை நேரில் போய் எண்ண வேண்டும். பார்த்ததை மகஜராக எழுதி, அந்த இடத்து ஆள் ஒருவரிடம் சாட்சிக் கையெழுத்து வாங்க வேண்டும். அதுதான் நடைமுறை. யார் போவது என்று இன்னும் முடிவாகவில்லை.

அலுவலகத்தில் நான் ஜோகுபாளையத்துக்காரி என்று யாரிடமும் பேசுவதில்லை. எத்திராஜிடமும் சொல்லி வை.

உடம்பைப் பார்த்துக்கொள்.

அக்கா,
உஷா


பிலாய்
28 ஏப்ரல் 1995

அன்புள்ள அக்காவுக்கு,

எல்லோரும் சுகம். ரக்ஷிதாவுக்கு ஊசி போட்டதில் இரண்டு நாள் காய்ச்சல், இப்போது ஓடுகிறாள்.

முடிவாகவில்லை என்று எழுதிவிட்டு நீயே போயிருக்கிறாயே! எத்திராஜ் நாலு பக்கம் எழுதியிருக்கிறான். பல்லக்குத் திருவிழாவுக்கு மறுநாள் காலை ஏழு மணிக்கு ஜீப் வந்து நின்றதாம். இறங்கியது யார் என்று பார்த்தால் உஷாக்கா. வீட்டுக்கு ஓடிப் போய் தூக்குப் போசியில் டீ கொண்டு வந்தானாம், நீ நின்றுகொண்டே குடித்தாயாம். கையெழுத்துக் கேட்டாய், போட்டானாம். "கன்னடத்துல இருந்துச்சு, நமக்கு எங்க படிக்க வருது, அக்கா எழுதினா சரியாத்தான் இருக்கும்" என்கிறான்.

உன் வேலைக்கு ஏதாவது வந்துவிடக் கூடாது என்று உன் பெயரை யாரிடமும் சொல்லவில்லையாம். "நம்ம ஆள் ஒருத்தர் எழுதியிருக்காங்க, கவலையை விடுங்க" என்று மட்டும் பையன்களிடம் சொல்லியிருக்கிறான். ஆட்சேபணை மனு கொடுக்க மே பத்துதான் கடைசி நாள். இனி அது எதற்கு என்று விட்டுவிட்டார்கள்.

ஒன்றுதான் புரியவில்லை. பல்லக்குக்கு மறுநாள் ஏன் போனாய்? ஊரே ராத்திரி முழுக்க அல்சூரில் பல்லக்குகளோடு சுற்றிவிட்டு விடிந்ததும் படுத்திருக்குமே. கோல் போஸ்ட் கூட இருந்திருக்காது. வருஷா வருஷம் அதைப் பிடுங்கித்தானே நம் கோயில் பல்லக்குக்குத் தோள்மரம் கட்டுகிறோம். எத்திராஜ் அந்த நேரத்தில் அங்கே உட்கார்ந்திருந்ததே மரம் திரும்பி வரட்டும் என்று. இன்னொரு நாளும் போயிருப்பாய் என்று நினைத்துக்கொள்கிறேன்.

மே பத்துக்கு முன்னால் ஒரு வரி எழுது. போதும்.

தம்பி,
அசோகன்


பெங்களூர்
25 ஜூன் 1995

அன்புள்ள அசோகா,

பதில் எழுதத் தாமதமாகிவிட்டது. வருட முடிவுக் கணக்குகள் இருந்தன. இங்கே மழை நன்றாகப் பிடித்துவிட்டது. முழங்காலுக்கு ஆயுர்வேத எண்ணெய் ஒன்று தடவுகிறேன். மணம்தான் பலமாக இருக்கிறது.

ரக்ஷிதாவுக்கு ஒரு ஸ்வெட்டர் பின்னியிருக்கிறேன், தனிப் பார்சலில் வரும். கை கொஞ்சம் நீளம். மடித்து விடச் சொல், அடுத்த வருடமும் போடலாம்.

அலுவலக விஷயங்களைக் கடிதத்தில் எழுதுவது முறையில்லை. தவறாக நினைக்காதே.

விஜியைக் கேட்டதாகச் சொல்.

அக்கா,
உஷா


பிலாய்
11 பிப்ரவரி 1996

அன்புள்ள அக்காவுக்கு,

சுகம். நீயும் சுகமாக இருக்க வேண்டும்.

மைதானத்துக்கு வேலி போட்டதும் சங்கத்தில் பணம் திரட்டி வழக்குப் போட்டார்கள். போன வாரம் தள்ளுபடி ஆகிவிட்டது. மகஜரின் நகலை வக்கீல் வாசித்துக் காட்டினாராம். 'பார்வையிட்ட ஞாயிற்றுக்கிழமையன்று ஆட்டக்காரர் எவரும் இல்லை. கோல் கம்பம் உள்ளிட்ட எந்த விளையாட்டு வசதியும் காணப்படவில்லை. நிலம் பயன்பாடின்றி உள்ளது.' அடியில் சாட்சி என்று எத்திராஜ் கையெழுத்து. அதிகாரி கையெழுத்து சுழித்திருக்கிறதாம், பெயர் தெரியவில்லையாம்.

நம் டீமில் ஆடுகிற பச்சைமுத்துதான் முதலில் கத்தியிருக்கிறான். "எவ்ளோ வாங்கினே?" என்று எத்திராஜைக் கேட்டிருக்கிறான். யார் வந்து கையெழுத்து வாங்கினது என்று எல்லோரும் கேட்டார்கள். ஞாபகமில்லை என்று சொல்லிவிட்டானாம். வேறு ஒரு வார்த்தை பேசவில்லை. அவனைச் சங்கத்திலிருந்து எடுத்துவிட்டார்கள். அவன் பெண்ணின் மஞ்சள் நீராட்டுக்கு நம் தெருவிலிருந்து ஒரு ஆள் போகவில்லை.

எனக்கு அவன் இதை எழுதவில்லை. பச்சைமுத்து எழுதினான்.

உனக்கு இதைப் பற்றி ஏதாவது தெரியுமா, அக்கா? தெரிந்தால் தெருவில் வந்து நீ ஒரு வார்த்தை சொன்னால் போதும். வேறு யார் சொல்லியும் இது தீராது.

அசோகன்


பெங்களூர்
3 மார்ச் 1996

அன்புள்ள அசோகா,

நலம். உங்கள் மூவரின் நலம் அறிய ஆவல்.

எனக்குத் தெரிந்தவரை எல்லாம் நடைமுறைப்படிதான் நடந்திருக்கிறது. நீதிமன்றமும் அதைத்தான் சொல்லியிருக்கிறது. எத்திராஜுக்கு நேர்ந்தது வருத்தமாக இருக்கிறது. படிக்காமல் எதிலும் கையெழுத்துப் போடக் கூடாது என்பதை அவர் கற்றிருப்பார்.

ஸ்வெட்டர் பொருந்தியதா என்று நீங்கள் எழுதவேயில்லை.

உஷா


பெங்களூர்
9 பிப்ரவரி 1998

அன்புள்ள அசோகா,

உன் பதில் இல்லாமல் இது நான் எழுதும் நான்காவது கடிதம். போன் செய்தால் விஜிதான் எடுக்கிறாள். நீ ஷிஃப்டில் இருப்பதாகச் சொல்கிறாள். எல்லா ஷிஃப்டிலுமா?

போன மாதம் ஸ்டேடியம் திறந்தார்கள். எனக்கும் ஒரு பாஸ் வந்தது, போனேன். புல் மிக நன்றாக இருந்தது. அதைச் சொல்லாமல் இருக்க முடியாது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஹரிஷ்குமார், எங்கள் பிரிவு இளைஞர், "மேடம், இந்த இடத்துல முன்னாடி என்ன இருந்தது?" என்று கேட்டார். சும்மா கிடந்த நிலம் என்றேன். மகஜர் எழுதிய அன்று அவரும் என்னுடன் ஜீப்பில் வந்தவர்தான். அவருக்கு அந்த இடம் நினைவில்லை.

ஆட்டம் முடிந்து வெளியே வரும்போது கம்பி வலைக்கு அந்தப் பக்கம் சாலையில் கொஞ்சம் பையன்கள் செங்கல்லைக் கோல் போஸ்டாக வைத்து ஆடிக்கொண்டிருந்தார்கள். பஸ் வரும்போதெல்லாம் ஒதுங்கிக்கொண்டார்கள்.

எழுது. திட்டியாவது எழுது.

அக்கா,
உஷா


பிலாய்
2 மார்ச் 1998

மரியாதைக்குரிய அண்ணிக்கு,

விஜி எழுதுவது. நாங்கள் நலம். உங்கள் உடம்பைக் கவனித்துக்கொள்ளுங்கள்.

உங்கள் கடிதங்கள் எல்லாம் வந்தன. அவர் படிக்கிறார். படித்துவிட்டு பீரோவில் ஆட்டத்தில் வாங்கிய அவருடைய பழைய கப்புகளுக்குப் பின்னால் வைக்கிறார். கேட்டால் எரிந்து விழுகிறார். மாதா மாதம் எத்திராஜ் அண்ணனுக்கு ஒரு கார்டு போடுகிறார். அதில் என்ன எழுதுகிறார் என்று எனக்குத் தெரியாது.

ஸ்வெட்டர் நன்றாகப் பொருந்தியது. இப்போது சின்னதாகிவிட்டது.

இப்படிக்கு,
விஜி


பெங்களூர்
14 மார்ச் 2004

அன்புள்ள அசோகா,

நீயும் விஜியும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். ரக்ஷிதாவுக்குப் பத்தாவது பரீட்சை நடந்துகொண்டிருக்கும். வருடா வருடம் பொங்கல் வாழ்த்து எழுதியதோடு சரி, ஆறு வருடமாகக் கடிதம் என்று எதுவும் எழுதவில்லை. இதை நீ படிக்காமல் கப்புகளுக்குப் பின்னால் வைத்தாலும் சரி, எழுதிவிடுகிறேன்.

ஸ்டேடியத்தை இடிக்கப் போகிறார்கள். டயர் கம்பெனி டீம் மூன்று சீசன் ஆடியது. வாடகையைக் குறைக்கச் சொன்னார்கள், குறைத்தார்கள். வரியைத் தள்ளச் சொன்னார்கள், யோசித்துக்கொண்டிருக்கும்போதே கோவாவுக்குப் போய்விட்டார்கள். அதற்குப் பிறகு அங்கே கட்சி மாநாடு, கல்யாண வரவேற்பு, மெத்தைக் கண்காட்சி. இரண்டு வருடம் முன்பு மேற்குக் கேலரியின் கூரைத் தகடு ஒன்று விழுந்தது. யாருக்கும் அடியில்லை, அடிபட அங்கே யாருமில்லை. பூட்டி வைத்தார்கள். இப்போது வணிக வளாகத்துக்காகக் குத்தகைக்கு விடப் போகிறார்கள். நாற்பது வருடம் என்று எழுதியதில் ஆறு வருடம் ஆகியிருக்கிறது.

இடிக்கும் முன் மகஜர் எழுத வேண்டும். அதற்கும் என்னையே அனுப்பினார்கள். இந்த முறை உண்மையிலேயே யாரும் இல்லை. 'பயன்பாடின்றி உள்ளது' என்று எழுதினேன். அன்றைக்கு எழுதிய அதே இரண்டு சொற்கள். அதற்கு மேல் என் கை ஓடவில்லை. சாட்சி யார் என்று வாட்ச்மேன் கேட்டார். எழுதியதைக் கீழே வைத்துவிட்டு வீட்டுக்கு வந்துவிட்டேன்.

முதல் மகஜர் அன்று நடந்ததைச் சொல்கிறேன். என் மேலதிகாரி சுந்தரராமன் எனக்கு இரண்டு தேதி கொடுத்தார், ஏப்ரல் ஒன்பது அல்லது பதினாறு. இரண்டும் ஞாயிறு. 'உங்களுக்கு எது வசதியோ' என்றார். அவர் எந்தக் கெட்ட எண்ணத்திலும் சொல்லவில்லை. பதினைந்தாம் தேதி இரவு பல்லக்கு என்று அவருக்குத் தெரியாது. எனக்குத் தெரியும். நான் பதினாறைத் தேர்ந்தெடுத்தேன். உனக்கு 'முடிவாகவில்லை' என்று எழுதிய அன்று அது முடிவாகிவிட்டிருந்தது.

என்னை யாரும் மிரட்டவில்லை. பதவி உயர்வு தருவதாகவும் சொல்லவில்லை. அப்படி ஏதாவது இருந்திருந்தால் இதை முன்பே சொல்லியிருப்பேனோ என்னவோ. ஒன்பதாம் தேதி போனால் மைதானம் நிறைய ஆள் இருக்கும். பச்சைமுத்து, அவன் தம்பிகள், பந்து பொறுக்கும் பொடிசுகள் எல்லோரும் "உஷாக்கா வந்துக்கீறாங்க" என்று ஜீப்பைச் சுற்றிக்கொள்வார்கள். ஹரிஷ்குமாரும் டிரைவரும் பார்ப்பார்கள். திங்கட்கிழமை அலுவலகம் முழுக்கத் தெரியும், நான் எந்தத் தெரு, எந்த ஜனம் என்று. பதினைந்து வருடமாக மூடி வைத்திருந்தேன். யாரும் விழித்திருக்காத ஒரு காலையில் போய்விட்டு வந்துவிடலாம் என்றுதான் நினைத்தேன். எண்ணிக்கையைப் பற்றி நான் நினைக்கவேயில்லை. ஸ்டேடியம் எப்படியும் வரும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

ஒருவர் விழித்திருந்தார். டீயோடு வந்தார். ஹரிஷ்குமார் என்னைப் பார்த்தார். 'என்னை இவருக்கு எப்படியோ தெரிந்திருக்கிறது' என்று கன்னடத்தில் சொன்னேன். எத்திராஜுக்குக் கன்னடம் படிக்கத்தான் தெரியாது, பேசினால் புரியும். அவர் அதன் பிறகு என்னை அக்கா என்று கூப்பிடவில்லை. மேடம் என்றார். கையெழுத்துக் கேட்டதும், 'எங்க போடணும் மேடம்' என்று கேட்டுப் போட்டார்.

உன் கடிதம் மே இரண்டாம் தேதியே என் கைக்கு வந்தது. பத்தாம் தேதிக்கு எட்டு நாள் இருந்தது. அந்த எட்டு நாளும் அது என் கைப்பையில்தான் இருந்தது.

பல்லக்கைப் பற்றித் தெரியாத ஒருவரை அனுப்பியிருந்தால் அது பிழை என்று போயிருக்கும். நான் எழுதியதால் அது பொய். என்னை மன்னிக்க முடியுமா என்று கேட்கத்தான் எழுதுகிறேன்.

உஷா


பிலாய்
18 ஏப்ரல் 2004

அன்புள்ள அக்காவுக்கு,

சுகம். உன் முழங்கால் எப்படி இருக்கிறது என்று விஜி கேட்கிறாள். நானும் கேட்கிறேன்.

கடிதத்தை நாலு தடவை படித்தேன். கப்புக்குப் பின்னால் வைக்கவில்லை.

நீ மேடம் ஆனதை எத்திராஜ் எனக்குச் சொல்லவேயில்லை. டீ குடித்ததைத்தான் நாலு பக்கம் எழுதினான். அதை இப்போதுதான் உன் எழுத்தில் தெரிந்துகொள்கிறேன். வழக்கு தோற்ற பிறகு அவனுக்கு எழுதினேன், நான் தெருவுக்கு வந்து உண்மையைச் சொல்லிவிடுகிறேன் என்று. வேண்டாம், அக்கா வேலை போய்விடும், அவங்களே ஒரு நாள் வந்து சொல்லுவாங்க என்று பதில் போட்டான். எட்டு வருஷமாக அதையேதான் எழுதுகிறான்.

நானும் யோக்கியன் இல்லை. அவன் வேண்டாம் என்றது எனக்கு வசதியாக இருந்தது. என் அக்கா பெயர் வெளியே வராது. உன்னோடு பேசாமல் இருந்ததையே அவனுக்குச் செய்த உபகாரமாக நினைத்துக்கொண்டேன்.

மன்னிப்பை என்னிடம் கேட்காதே. என்னிடம் நீ எதையும் எடுக்கவில்லை. அவன் இன்னும் அதே வீட்டில்தான் இருக்கிறான். உன் பஸ் ஸ்டாப்பிலிருந்து பத்து நிமிஷ நடை.

பல்லக்கு மே நாலாம் தேதியாம். அதற்கு மறுநாள் போகாதே.

தம்பி,
அசோகன்


பெங்களூர்
10 மே 2004

அன்புள்ள அசோகா,

நலம். விஜிக்கும் குழந்தைக்கும் என் அன்பு.

நேற்று ஞாயிற்றுக்கிழமை போனேன். காலை பத்து மணி, எல்லோரும் விழித்திருக்கிற நேரம்.

முதலில் பச்சைமுத்து வீட்டுக்குப் போனேன். இப்போது பீன்யாவில் ஒரு தொழிற்சாலையில் சூப்பர்வைசர், தலை நரைத்துவிட்டது. வாசலில் நின்றே சொன்னேன். கையெழுத்து வாங்கியது நான், எத்திராஜுக்கு அதில் என்ன இருந்தது என்று தெரியாது, அவர் ஒரு பைசா வாங்கவில்லை. தெருவில் இரண்டு மூன்று பேர் நின்று கேட்டார்கள். நான் நிறுத்தவில்லை. எத்திராஜை மறுபடி சங்கத்தில் சேர்த்துக்கொள்ள வேண்டும் என்று கேட்டேன்.

பச்சைமுத்து கையை விரித்தான். "சங்கமே இல்லையேக்கா. கிரவுண்டு போன மறுவருஷமே கலைஞ்சிடுச்சு. எதுல சேக்கிறது?" என்றான். பிறகு சட்டையை மாட்டிக்கொண்டு, "வாங்க, நானும் வரேன். அவன்கிட்ட நான் ஒண்ணு கேட்டேன், அத திருப்பி வாங்கணும்" என்று கூட வந்தான்.

எத்திராஜ் வீட்டு முன்னால் ஒரு நாற்காலிக் காலை இழைத்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் எழுந்து, "வாங்க மேடம்" என்றார். பச்சைமுத்துவைப் பார்த்ததும் இழைப்புளி கையிலேயே நின்றது. பச்சைமுத்து போய்க் கீழே சுருள் சுருளாகக் கிடந்த மரச் சீவல்களுக்கு நடுவில் உட்கார்ந்துகொண்டான். நான் சொல்ல வந்ததைச் சொன்னேன். எத்திராஜ் கேட்டுக்கொண்டே இழைத்தார். முடித்ததும், "அது தெரிஞ்சதுதானே" என்றார்.

என்ன செய்ய வேண்டும் என்று கேட்டேன். எழுத்து மூலம் கொடுக்கிறேன், துறைக்கே எழுதுகிறேன், அதனால் எனக்கு என்ன வந்தாலும் பரவாயில்லை என்றேன்.

"துறைக்கு எழுதி என்ன? இடிக்கிற மெஷினு வந்து நின்னாச்சு. எனக்கு எழுதிக் குடுங்க" என்றார். "தமிழ்ல எழுதுங்க. ஒம்பதாம் தேதி வந்திருந்தா இன்னா எழுதியிருப்பீங்களோ, அத எழுதுங்க."

அவர் சொல்லச் சொல்ல எழுதினேன். முதல் டீம், இரண்டாம் டீம், பொடிசுகள், கோல் கீப்பர் யூனிஸ், பூட்ஸ் இல்லாமல் ஆடியவர்கள், நொண்டிக்கொண்டே வந்து ஓரத்தில் உட்கார்ந்தவர்கள். நடுநடுவே பச்சைமுத்து, "டேய், அவன விட்டுட்டியே" என்றான். எல்லாமாக அறுபத்து நான்கு பெயர். அந்த ஒன்பது வருடத்தில் செத்தவர்களையும் உயிரோடு எழுதச் சொன்னார், அன்றைக்கு இருந்தார்களே என்று.

எழுதி முடித்து நீட்டினேன். அவர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, விரலை வைத்து, வரி வரியாக, உதடு அசைய, முதலிலிருந்து கடைசி வரை படித்தார். கால் மணி நேரம் ஆகியிருக்கும்.

"கோல் போஸ்ட் எழுதலையே" என்றார்.

'கோல் போஸ்ட் இரண்டு' என்று சேர்த்தேன். அவர் தலையாட்டிவிட்டு, அன்றைக்கு எழுதியதையும் சரி செய்யச் சொன்னார். அதனால் அடியில் இன்னொரு வரி எழுதினேன்: 'பதினாறாம் தேதி அவை பல்லக்குக்குப் போயிருந்தன. மதியம் திரும்பி வந்தன.'

அதையும் படித்தார். "நீங்க முதல்ல போடுங்க, உஷாக்கா" என்றார். சுழிக்காமல், முழுப் பெயரையும் எழுதினேன். அவர் கீழே போட்டார். பச்சைமுத்து இரண்டாவது சாட்சி.

இதன் நகல் ஒன்றை இத்துடன் வைத்திருக்கிறேன். உன் பெயர் பதினோராவதாக இருக்கிறது, பார். நீ அப்போது பிலாயில் இருந்தாய் என்று நான் சொன்னேன். இருக்கட்டும் என்றார்.

முழங்கால் வலி அப்படியேதான் இருக்கிறது. திரும்பும்போது நடந்தே வந்தேன்.

அக்கா,
உஷா